கடல் கடவாத கல்வி

காவிரியும் கொள்ளிடமும் இரு கைகளாக அணைத்து நிற்கும் திருவரங்கத் தீவில், அரங்கநாதர் கோயிலுக்குக் கிழக்கே திருவானைக்கா என்னும் பழம்பதி அமைந்துள்ளது. ஐம்பெரும் பூதங்களுள் நீருக்கு உரிய தலமாகப் போற்றப்படும் இவ்வூர், இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாகும். இவ்வூரில் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. நீரின் நிறத்தை ஆராயப் புகுந்து, ஒளியின் இயல்பு பற்றிய புதியதோர் உண்மையைக் கண்டு, அறிவியலுக்கான நோபல் பரிசை ஆசியாவிற்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்த சர் சி. வி. இராமனே அம்மகவு. அவர் புகழ் கடல் கடந்து பரவியதை உலகம் அறியும். ஆயின், கடல் கடக்கும் வழி அவருக்கு இளமையில் அடைபட்டிருந்தது என்பதைப் பலர் அறியார்.

பயணம் செய்த பாட்டனார்

இராமனின் அன்னையார் பார்வதி அம்மாள். அவருடைய தந்தையார் சப்தரிஷி சாஸ்திரியார் வடமொழியில் வல்லவர். அவர் தம் இளமைப் பருவத்தில் தருக்க நூலைத் துறைபோகக் கற்க விரும்பித் தென்னாட்டிலிருந்து வங்காளம் வரை நடந்தே சென்று பயின்று மீண்டார் என்பர். இருப்பூர்தி இல்லாத நாளில், ஆறும் காடும் கடந்து சென்ற அப்பயணத்தின் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்விக்காகத் தொலைவு செல்லும் வேட்கை அக்குடிக்குப் புதிதன்று.

தந்தையார் சந்திரசேகர ஐயர் ஆசிரியர். கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைக்கவே, 1892ஆம் ஆண்டில் குடும்பத்தோடு விசாகப்பட்டினம் சென்றார். அப்பொழுது இராமனுக்கு வயது நான்கு. கடற்கரை நகரத்தில் வளர்ந்த சிறுவன், தந்தையார் சேர்த்து வைத்திருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தான். பதினோராம் வயதில் பள்ளியிறுதித் தேர்வில் தேறினான். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904ஆம் ஆண்டில் முதல்வனாக விளங்கி, ஆங்கிலத்திலும் இயற்பியலிலும் பொற்பதக்கம் பெற்று இளங்கலைப் பட்டம் எய்தினான்.

மருத்துவர் மொழி

அக்காலத்தில் கூரிய அறிவு படைத்த இளைஞர்களின் கண்கள் எல்லாம் இங்கிலாந்தையே நோக்கியிருந்தன. உயர்ந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய கூடங்களும் பேராசிரியர்களும் அங்கே இருந்தனர். நாட்டின் மிக உயர்ந்த அலுவல்களுக்குரிய ஐ.சி.எஸ். தேர்வும் இலண்டன் மாநகரிலேதான் நடைபெற்றது. எனவே கடல் கடந்து செல்லாதவனுக்கு உயர்வு இல்லை என்னும் எண்ணம் எங்கும் வேரூன்றியிருந்தது. இராமனின் ஆசிரியர்களும், “நீ இங்கே கற்றது போதும், இங்கிலாந்துக்குச் செல்” என்னும் கருத்தினராகவே இருந்தார்கள்.

வெளிநாடு செல்வதற்கு முன்னர் மருத்துவச் சான்று பெறுதல் வேண்டும். இராமன் மெலிந்த உடலினர். அவரை ஆய்ந்து பார்த்த சென்னை அரசு மருத்துவர், இங்கிலாந்தின் குளிரை அவ்வுடல் தாங்காது என்றும், அங்கே சென்றால் உயிருக்கே கேடு நேரும் என்றும் உறுதியாகக் கூறிவிட்டார். கல்வித் தகுதி இருந்தது. ஆசிரியர்களின் வாழ்த்தும் இருந்தது. உடல் ஒன்று இடந்தரவில்லை. ஒரு மருத்துவரின் சொல்லால் வழி அடைபட்டது.

இங்கே மற்றொருவரை நினைத்தல் தகும். இராமனுக்கு ஓராண்டு முன்னர்ப் பிறந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுசர். அவர் 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையிலிருந்து கப்பலேறிக் கேம்பிரிட்ச் சென்றார். பேராசிரியர் ஹார்டியின் துணையால் அவர் அறிவு அங்கே சுடர்விட்டது. 1918ஆம் ஆண்டில் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினர் என்னும் பெருமையும் எய்தினார். ஆனால் அங்கே நோய்வாய்ப்பட்டு, 1919ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பி, மறு ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் மறைந்தார். சென்றவர் பெற்ற பயனும் பெரிது. கொடுத்த விலையும் பெரிது. இராமனுக்கு மருத்துவர் விடுத்த எச்சரிக்கை வெற்றுரை அன்று என்பதை இதனால் உணரலாம். தம்மைத் தடுத்த அம்மருத்துவரை இராமன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

இருந்த இடத்திலிருந்து

செல்ல இயலாத நாட்டிற்கு இராமன் தம் எழுத்தை அனுப்பினார். ஒளி, செவ்வக வடிவான துளையின் வழியே செல்லும்போது உண்டாகும் பட்டைகளைப் பற்றி மாநிலக் கல்லூரியில் அவர் ஆராய்ந்த கட்டுரை, 1906ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இலண்டனில் வெளிவரும் புகழ்மிக்க அறிவியல் இதழில் அச்சாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது 18. ஆள் போக முடியாத இடத்திற்கு அறிவு அஞ்சலில் போய்ச் சேர்ந்தது.

ஆயினும் ஆராய்ச்சியால் வயிறு வளர்க்க வழியில்லை. இந்தியாவிலேயே நடைபெற்ற நிதித்துறைத் தேர்வை எழுதி, அதில் முதல் இடம் பெற்று, 1907ஆம் ஆண்டில் கல்கத்தாவில் துணைக் கணக்காயராகப் பணியேற்றார். அறிவியலோடு அவர்க்கிருந்த உறவு அத்துடன் முடிந்தது என்று பிறர் எண்ணியிருக்கலாம். ஒரு நாள் அலுவல் வழியில், பௌபசார்த் தெருவிலே, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டார். இந்தியர்கள் இந்திய மண்ணிலேயே ஆராய்ச்சி செய்தல் வேண்டும் என்னும் நோக்கத்தோடு டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876ஆம் ஆண்டில் நிறுவிய கழகம் அது. கருவிகள் இருந்தன; அவற்றைப் பயன்படுத்துவார் இலர். நிறுவியவரின் மைந்தர் அமிர்தலால் சர்க்கார், இராமனை இரு கை நீட்டி வரவேற்றார்.

அன்றுமுதல் விடியற்காலையில் ஆராய்ச்சிக்கூடம், பகலில் அலுவலகம், மாலை தொடங்கி இரவு வரை மீண்டும் ஆராய்ச்சிக்கூடம் என்று அவர் வாழ்க்கை அமைந்தது. அலுவல் மாற்றத்தால் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் சென்ற காலத்திலும் ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. அக்காலத்தில் பர்மாவும் ஆங்கிலேயரின் இந்திய ஆட்சிக்குள் அடங்கியிருந்தது.

வீட்டில் இருந்தவருக்கு வீட்டுப் பொருள்களே ஆராய்ச்சிப் பொருள்களாயின. மேலைநாட்டார் கண் படாத வீணை, தம்பூரா, மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியை அவர் ஆராய்ந்தார். இழுத்துக் கட்டிய வெறுந்தோலைத் தட்டினால் எழும் துணையொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பிய கருஞ்சாந்து, தோலின் எடையை வேண்டிய இடத்தில் மிகுவித்து, அவ்வொலிகளை இசையச் செய்கின்றது. பெயர் தெரியாத தமிழ்நாட்டுக் கைவினைஞர் செவியாலேயே கண்ட இந்நுட்பத்தை இராமன் அறிவியலால் விளக்கினார். கடல் கடந்து சென்றிருப்பின், இப்பொருள் அவர் கருத்தில் தோன்றியிருக்குமோ என்பது ஐயமே.

மறுத்த பயணம்

அவர் புகழ் வளரவே, கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் ஆசுதோஷ் முகர்ஜி, பாலித் பேராசிரியர் என்னும் உயர் பதவியை ஏற்குமாறு அவரை அழைத்தார். ஆனால் அப்பதவிக்குரிய அறக்கொடையில் ஒரு விதி இருந்தது. வெளிநாட்டுப் பயிற்சி இல்லாதவர் வெளிநாடு சென்று பயின்று வருதல் வேண்டும் என்பதே அது. ஒரு காலத்தில் அடைபட்ட கதவு, இப்பொழுது தானே திறந்து நின்றது. ஆயினும், பயிற்சி பெறும் பொருட்டு அயல்நாடு செல்ல இராமன் இசையவில்லை. விதி தளர்த்தப்பட்டது. 1917ஆம் ஆண்டில், மிகுந்த ஊதியம் தந்த அரசுப் பணியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் பேராசிரியர் ஆனார். பத்தாண்டுகளாகத் தாயகத்தில் தாமே தேடிக்கொண்ட பயிற்சி, எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்பது அவர் துணிபு.

நீலக் கடல் தந்த வினா

1921ஆம் ஆண்டு வந்தது. ஆக்ஸ்போர்டில் கூடிய பல்கலைக்கழகங்களின் மாநாட்டிற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் சார்பாக அவர் சென்றார். இங்கிலாந்தை முதன்முதலாகக் கண்டபோது அவருக்கு வயது 32. கற்கச் செல்ல வேண்டியிருந்த நாட்டிற்குக் கற்றறிந்தவராகச் சென்றார்.

திரும்பும் வழியில், நார்க்குண்டா என்னும் கப்பலின் மேல்தளத்தில் நின்று நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நீலமே கடலில் எதிரொளிக்கின்றது என்று அந்நாள் அறிஞர் கூறியிருந்தனர். இராமன் தம்மிடம் இருந்த நிக்கல் பட்டகத்தை எடுத்து, எதிரொளியை விலக்கிவிட்டுக் கடலை நோக்கினார். நீலம் குறையவில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே இதற்குக் காரணம் என்று அவர் முடிவு கண்டார். நீர் செந்நிற ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் இந்நீலத்திற்குப் பெருங்காரணம் என்பதை இற்றை அறிவியல் தெளிவாக்கியுள்ளது.

கப்பலில் எழுந்த வினாவிற்குரிய முழு விடை, கல்கத்தாவில்தான் கிடைத்தது. வற்றிராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களின் துணையோடு அவர் ஏழாண்டுகள் உழைத்தார். ஏறத்தாழ 60 நீர்மங்கள் ஆராயப்பட்டன. 1928ஆம் ஆண்டு பிப்பிரவரி 28ஆம் நாள் உண்மை புலப்பட்டது. ஒரு நிற ஒளியை ஒரு பொருளின் வழியே செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் நிறம் மாறி வெளிவருகின்றது. மூலக்கூறுகளின் அதிர்வோடு ஒளி ஆற்றலைக் கொடுத்தும் வாங்கியும் வருவதால் இம்மாற்றம் நேர்கின்றது. மாற்றத்தின் அளவு பொருளுக்குப் பொருள் வேறுபடும். எனவே கைரேகை கொண்டு ஆளை அறிவதுபோல், இதைக் கொண்டு பொருளை அறியலாம். இதுவே இராமன் விளைவு. எளிய கருவிகளைக் கொண்டே இப்பெருஞ்செயல் நிறைவேறிற்று. 1930ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள், குளிர்மிக்க ஸ்டாக்ஹோம் நகரில் அவர் நோபல் பரிசு பெற்றார். 1954ஆம் ஆண்டில் பாரத ரத்தினம் விருதும் அவரை அடைந்தது. 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், தம் 82ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். பிப்பிரவரி 28ஆம் நாள் இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

வேட்கையும் வினையும்

இன்று திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்பிற்கும் வானூர்திகள் பறக்கின்றன. அவற்றை அண்ணாந்து நோக்கும் இளைஞர் பலர். அவர்களுள் சிலர் செல்வர். வறுமையாலோ, பெற்றோரின் பிணியாலோ, உடல்நலக் குறைவாலோ செல்ல இயலாதவரும் உளர். அவர்தம் வேட்கை பழிக்கத்தக்கதன்று. நடந்தே வங்காளம் சென்ற சாஸ்திரியாரின் வேட்கையும் அதுவே. பயணம் வீண் என்பதும் பொருந்தாது; கப்பலேறியதால் அன்றோ இராமன் அந்நீலத்தைக் கண்டார்!

ஆனால் செல்லும் நாள் வரும் வரையில் கைகட்டி இருத்தல் வேண்டா. திறக்கப்படாத கூடங்களும், தீண்டப்படாத நூல்களும், ஆராயப்படாத மிருதங்கங்களும் அவரவர் ஊரிலேயே உள்ளன. இராமனின் பட்டகம் கப்பலில் வாங்கியதன்று. வீட்டிலிருந்து எடுத்துச் சென்றது. அதனை நோக்கப் பழகிய கண்ணும் வீட்டிலேயே பயின்றது. இருந்த இடத்தில் கண் பயின்றவர்க்கே, சென்ற இடத்தில் காட்சி புலனாகும்.