சூனியக்காரியின் காடும் சவரம் செய்த கன்னமும்

அமெரிக்காவில் சவரச் சோப்பும் ஆஃப்டர்ஷேவும் கையால் செய்து விற்கும் சிறு தயாரிப்பாளர்கள் பலர், ஹாலோவீன் நெருங்கும்போது சூனியக்காரிகளின் பெயரில் ஒரு மணத்தை இறக்குவார்கள். புகை, ஈர மண், கசப்பு மூலிகை, பிசின் எல்லாம் அதில் இருக்கும். அப்படி ஒன்றைத் தாங்களும் கலந்து பார்க்க ஆசைப்பட்டு வரும் இளையவர்களுக்கு நான் சொல்பவை இவை.

1. முதலில் தோல், பிறகுதான் கதை. பிளேடு ஓடிய கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். சட்டையில் தெளிக்கும் சென்ட்டின் அளவை அங்கே போடக்கூடாது. நூற்றுக்கு இரண்டு பங்கு வாசனைக் கலவை தாராளம். மெத்தனால் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள். அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

2. சூனியக்காரியின் செடிகளை நிஜமாகவே சேர்க்கலாமா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். கூடாது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான டெல்லா போர்த்தா, ஸ்பானிய மருத்துவர் ஆந்த்ரேஸ் லகூனா போன்றவர்கள், சூனியக்காரிகள் பூசிக்கொண்டதாகச் சொல்லப்பட்ட தைலங்களைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பெல்லடோனா, ஹென்பேன், மேன்ட்ரேக் மூன்றும் நம் ஊமத்தையின் உறவுக்காரச் செடிகள். அட்ரோபின், ஸ்கோபாலமின் என்ற நஞ்சுகள் இவற்றில் உண்டு. பயணத்தில் வாந்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டையில் இருப்பது இந்த ஸ்கோபாலமின்தான். தோல் வழியாக மருந்தாக இறங்குவது, அளவு தவறினால் நஞ்சாகவும் இறங்கும். பெயருக்கு ஒரு துளி என்றுகூட வேண்டாம். பெல்லடோனாவுக்கென்று சொல்லிக்கொள்ளும்படியான மணமும் கிடையாது.

3. மாந்திரீகம் என்பது மூக்குக்கு ஒரு இடம். இரவு, காடு, அடுப்பு. அந்த இடத்தைக் கட்டுங்கள். மண்ணுக்கு வெட்டிவேர் எண்ணெயும் பச்சௌலியும் போதும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் ஜியோஸ்மின். மழை விழுந்த மண்ணிலிருந்து எழும் வாசனை அதுதான். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மனித மூக்கு அதைக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும் என்பதால், பலமுறை நீர்த்த பிறகே புட்டியருகில் கொண்டு வாருங்கள். கன்னோஜில் சுட்ட களிமண்ணை வாலையில் இட்டு வடிக்கும் மிட்டி அத்தர் இதைவிட மென்மையான வழி. எனக்குப் பிடித்ததும் அதுவே.

புகைக்குக் கேட் எண்ணெய். மத்தியதரைக்கடல் நாடுகளில் ஒருவகை ஜூனிப்பர் கட்டையைக் காற்றில்லாமல் சூடாக்கி எடுப்பது. சுத்திகரித்ததை மட்டும் வாங்கி, நூற்றுக்கு ஒன்றாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு கூடினால் காடு போய்விடும், தார் டிரம் வந்து நிற்கும். பிசினுக்குக் குந்திரிக்கமும் லாப்டனமும். கசப்பு மூலிகை என்றால் மேல்நாட்டார் வர்ம்வுட் செடியைத்தான் தேடுவார்கள். அதில் தூஜோன் என்ற நரம்பு நஞ்சு உண்டு, அதனால் அது வேண்டாம். அதே ஆர்ட்டிமீசியா இனத்தைச் சேர்ந்த மரிக்கொழுந்தின் எண்ணெய் தென்னிந்தியாவிலேயே வடிக்கப்பட்டு உலக வாசனைத் தொழிலுக்குப் போகிறது. கனிந்த பழத்தின் இனிப்பும் அடியில் ஒரு கசப்பும் கொண்டது. ஒரு கிழவியின் குடிசையில் காயும் மூலிகைக் கட்டை நினைவூட்ட இதைவிடப் பொருத்தமான எண்ணெயை நான் முகர்ந்ததில்லை.

4. கணக்குப் போடத் தெரியாமல் கலக்காதீர்கள். பிழிந்தெடுத்த பெர்காமோட் எண்ணெய் பட்ட தோலில் வெயில் விழுந்தால் புண்ணாகிக் கருக்கும். சர்வதேச வாசனைச் சங்கமான இஃப்ராவின் வரம்பு, முடிந்த பொருளில் 0.4 சதவீதம். நீங்கள் 2 சதவீதம் கலவை போடுகிறீர்கள் என்றால், அந்தக் கலவையில் பெர்காமோட் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஓக் மரப் பாசிக்கு வரம்பு 0.1 சதவீதம், அதாவது கலவையில் இருபதில் ஒரு பங்கு. அந்தப் பாசியில் இருந்த அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்தது. அவற்றை நீக்கிய பாசிச்சாறு கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள். சொட்டுக் கணக்கை நம்பாமல் தராசில் நிறுத்து எழுதுங்கள்.

5. விட்ச் ஹேசல் நீர் சேருங்கள். கிழக்கு வட அமெரிக்காவின் காடுகளில், இலை உதிரும் அக்டோபர், நவம்பரில் மஞ்சள் நாடாக்களாகப் பூக்கும் புதர் அது. பூர்வகுடிகள் மருந்தாகப் பயன்படுத்தியது, 19ஆம் நூற்றாண்டிலிருந்து கனெக்டிகட் மாநிலத்தில் பெருமளவில் வடிக்கப்படுகிறது. கடையில் வாங்கும் நீரில் பொதுவாக 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். துவர்ப்புச் சத்தான டானின் பெரும்பாலும் வடிநீரில் ஏறுவதில்லை, ஆகவே அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். அதிகம் ஊற்றினால் கலவையிலுள்ள ஆல்கஹாலின் வலு குறைந்து, எண்ணெய் பிரிந்து, புட்டி பால்போல் கலங்கும். 10 மில்லியில் சோதித்துப் பாருங்கள்.

6. ஃப்ளோரிடா வாட்டரை ஒருமுறையாவது முகர்ந்துவிடுங்கள். 1808இல் நியூயார்க்கில் பிறந்த ஆரஞ்சு, கிராம்பு, லாவண்டர் கொலோன் அது. சவரத்துக்குப் பின் பூசிய அதே நீரை அமெரிக்காவின் ஹூடூ மாந்திரீகச் சடங்குக்காரர்களும் பெருவின் நாட்டு மருத்துவர்களும் தீட்டுக் கழிக்க எடுத்துக்கொண்டார்கள். மாந்திரீகம் என்றால் கறுப்பும் புகையும் மட்டும்தான் என்ற எண்ணம் அதை முகர்ந்ததும் போய்விடும்.

7. கலந்த பின் மூன்று, நான்கு வாரம் இருட்டில் வையுங்கள். முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். பிறகு முகத்துக்கு.

8. லேபிளில் தூக்குக் கயிறு, எரியும் கம்பம் போடாதீர்கள். 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், 14 பெண்கள், 5 ஆண்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். தண்டனை விதிக்கப்பட்டும் உயிர் தப்பிய எலிசபெத் ஜான்சன் ஜூனியர் மீதிருந்த பழி 2022இல்தான், பள்ளி மாணவர்களின் முயற்சியால், சட்டப்படி நீங்கியது. நம் நாட்டிலும் சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை அடிப்பதும் கொல்வதும் நின்றபாடில்லை. அதைத் தடுக்க பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. உங்கள் புட்டியில் ஒரு பெண்ணின் உருவம் வேண்டுமென்றால், காட்டில் மூலிகை பறிக்கிறவளாக வரையச் சொல்லுங்கள்.