துண்டை இடுப்பில் கட்டியவர்

கேள்வி: எங்கள் பங்குப் பேரவையின் துணைத் தலைவராகத் தேர்வாகியிருக்கிறேன். ‘ரொம்பப் பணிந்து போனால் தலைமேல் ஏறிவிடுவார்கள்’ என்கிறார்கள் நண்பர்கள். தாழ்மை ஒரு தலைவரைப் பலவீனப்படுத்துமா?

பதில்: யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தை இன்றிரவு நிதானமாக வாசியுங்கள். அனைத்தும் தம் கையில் ஒப்படைக்கப்பட்டிருப்பதை அறிந்துதான் இயேசு பந்தியிலிருந்து எழுந்தார்; மேலாடையைக் கழற்றினார்; துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அங்கே இருந்தான். பேதுரு மறுத்தபோது இயேசு விட்டுக்கொடுக்கவில்லை. தாழ்மைக்குள் இருக்கும் உறுதியை அங்கே பார்க்கலாம். உங்கள் நண்பர்கள் தாழ்மையையும் தயக்கத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அதே உறுதியை நம் காலத்திலேயே கண்டோம். 2013 மார்ச்சில் திருத்தந்தையாகத் தேர்வான பிரான்சிஸ், இரண்டே வாரத்தில் வந்த பெரிய வியாழனன்று ரோமிலுள்ள காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போனார். வயது 76. தரையில் மண்டியிட்டு 12 இளையோரின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பெண்களின் பாதம் கழுவியதை விமர்சித்தவர்கள் உண்டு. அவர் பின்வாங்கவில்லை; 2016-இல் அந்தச் சடங்கின் விதியே மாறியது.

2025-இன் பெரிய வியாழனன்றும், நோயுற்ற நிலையில், ரோமின் ரெஜினா செலி சிறைக்குச் சென்றார். பாதம் கழுவ உடல் இடம் தரவில்லை. ஆனாலும் கைதிகளோடு இருந்துவிட்டு வந்தார். நான்கு நாளில் காலமானார்.

நீங்களும் உங்கள் பேரவையின் முதல் கூட்டத்தில், இதுவரை வாய் திறக்காத ஒருவரை முதலில் பேசச் சொல்லுங்கள். முழுதாகக் கேட்டபின், துணிந்து முடிவெடுங்கள்.