கூடு விட்டுக் கூடு பாயும் கணினி

திருமூலர் இடையன் மூலனின் உடலில் புகுந்த கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். உடல் மாறியது, உள்ளே இருந்தவர் மாறவில்லை. கணினி உலகிலும் அத்தகைய வித்தை ஒன்று உண்டு. அதன் பெயர் மெய்நிகராக்கம். பல்கலைக்கழகத்தில் ஏட்டளவில் படித்த அதனை, 2011-இல் சுங்கை புரோங் வட்டாரத் தோட்ட அலுவலகம் ஒன்றில்தான் நான் உண்மையாகக் கற்றேன்.

அங்கு 1998-இல் வாங்கிய வழங்கி ஒன்று விண்டோஸ் என்டி 4.0 இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சம்பளக் கணக்கும் செம்பனைக் குலைகளின் எடைக் கணக்கும் அதற்குள்தான் இருந்தன. நிரலை மீண்டும் நிறுவக் குறுந்தட்டு இல்லை. வன்தட்டோ கரகரவென ஓசையிடத் தொடங்கிவிட்டது.

நான் போன அன்று, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் வாசலில் காத்திருந்தார். "சேமநிதியில சில மாசம் விட்டுப்போயிருக்கு தம்பி. பழைய சம்பளக் கணக்கு ஆபீஸ் பெட்டியில இருக்குன்னு பெரிய கிராணி சொன்னாரு," என்றார். அந்தப் பெட்டி நின்றுவிட்டால் அவர் உழைப்புக்கான சான்றும் நின்றுவிடும்.

இரு வழிகள்

மெய்நிகராக்கம் புதிய கருத்தன்று. ஐபிஎம் நிறுவனம் 1972-இலேயே விஎம்/370-ஐ அறிவித்தது. 1999-இல் விஎம்வேர் அதனைச் சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி செயலிகளே இதற்கு வன்பொருள் துணை வழங்கின.

முதல் வழியில், மென்பொருளே ஒரு முழுக் கணினியைப் போல் நடிக்கும். பழைய இயங்குதளம் தன் கெர்னலோடு அதற்குள் குடியேறும். இரண்டாம் வழி இயங்குதள அளவிலானது. இதில் அறைகள் பல. ஆனால் கெர்னல் ஒன்றே. சோலாரிஸ் 10 இயங்குதளத்தில் 2007 முதல் பழைய சோலாரிஸ் 8 வழங்கிகளை இவ்வாறு குடியேற்ற முடிந்தது. இது இலகுவானது, ஆயினும் ஒரே குடும்பத்து இயங்குதளங்களுக்கே பொருந்தும். ஆகவே, எங்களுக்கு முதல் வழியே ஏற்றது.

பாய்ச்சல்

பழைய கணினியை லினக்ஸ் குறுந்தட்டால் இயக்கி, வன்தட்டைக் கோப்பு கோப்பாக அன்றி, முழுத்தட்டாகவே நகலெடுத்தோம். நகலைப் புதிய கணினியில் இயக்கியபோது நீலத்திரைதான் வந்தது. காரணம் எளிது. பழைய வழங்கியில் இருந்தது ஸ்கசி வட்டு. மெய்நிகர் கணினி காட்டியதோ ஐடிஇ வட்டு. வன்பொருள் மாறியதைத் தானே உணர்ந்து சரிசெய்துகொள்ளும் திறன் என்டிக்கு இல்லை. நகலெடுக்கும் முன்பே ஐடிஇ இயக்கியைத் தொடக்கத்திலேயே செயல்படும்படி அமைத்திருக்க வேண்டும். அது என் தவறு.

பழைய வன்தட்டு இன்னொரு முறை சுழலுமா என்ற அச்சத்தோடு பொத்தானை அழுத்தினேன். சுழன்றது. அமைப்பை மாற்றி மீண்டும் நகலெடுத்தோம். இம்முறை என்டி எழுந்தது. எடைப்பாலத்தின் தொடர்முனை வடத்தைப் புதிய கணினியில் செருகி, மெய்நிகர் கணினிக்கு இணைத்தோம். அச்சிட்ட பழைய சம்பளப் பட்டியல்களோடு மொத்தத் தொகைகளை ஒப்பிட்ட பின்னரே பழைய பெட்டியை நிறுத்தினோம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

மெய்நிகராக்கம் வன்பொருளின் முதுமையைப் போக்கும். மென்பொருளின் முதுமையைப் போக்காது. என்டி 4.0-க்கான பாதுகாப்பு ஆதரவு 2004-ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. அதன் ஓட்டைகள் அனைத்தும் புதிய கூட்டிற்குள்ளும் உடன் வரும். ஆகவே அதனை இணையத்தோடு இணைக்கவில்லை. நகலொன்றை வேறிடத்தில் வைத்தோம். இவ்வாறு கிடைத்த கால அவகாசத்தில் தரவுகளைப் புதிய நிரலுக்கு மாற்றுவதே முறையாகும்.

அந்த அம்மாவின் மாதக் கணக்குகளை அச்சிட்டுக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித் தம் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கணினித்துறை பயிலும் தம்பி தங்கையரே, பழைய இயந்திரம் எனத் தூக்கி எறியும் முன், அதற்குள் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று ஒரு முறை கேளுங்கள்.