ஆறு பருவமும் ஒரு தோட்டமும்

முன்னுரை

வேதாசலம் என்னும் தம் இயற்பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக் கொண்டு, பல்லாவரத்தில் வாழ்ந்து 1950ஆம் ஆண்டில் மறைந்த மறைமலையடிகளாரின் நினைவைத் தாங்கி நிற்பது மறைமலை நகர். அடிகளார் முல்லைப்பாட்டுக்கு விரிவானதோர் ஆராய்ச்சியுரை வரைந்தவர். முல்லைப்பாட்டோ கார்காலத்து மாலைப்பொழுதைக் களமாகக் கொண்டது. கார்காலத்தை நுணுகி ஆராய்ந்த ஒருவர் பெயரால் வழங்கும் ஊரிலிருந்து மின்தொடர் வண்டியேறிக் கல்லூரிக்கு வரும் நம் மாணவர் பலருக்கு, கார் என்பது தேர்வுத்தாளில் எழுதும் ஒரு விடையாக மட்டுமே நின்றுவிட்டது. பெரும்பொழுது ஆறினையும் ஏட்டிலிருந்து மண்ணுக்குக் கொண்டுவரவல்ல ஒரு வழி, பலர் கூடிப் பேணும் பொதுத்தோட்டத்தில் ஆற்றும் தொண்டு ஆகும். அதன் இயல்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பிழையும் அதன் காரணமும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் மரம் நடுவிழா நிகழ்ந்தது. ஐப்பசி மாதத்து ஈர மண்ணில் நூறு கன்றுகளை நட்டோம். விருந்தினர் நீரூற்ற, மாணவர் சூழ்ந்து நிற்க, நிழற்படம் எடுத்துக்கொண்டோம். விழாவின் பொறுப்பாளன் நானே. அடுத்த ஆடியில் எண்ணிப் பார்த்தபோது உயிரோடிருந்தவை பதினொன்று. அப்பதினொன்றும் வாயிற்காவலரின் அறையை அடுத்து நின்றவை. கைகால் கழுவியும் பாத்திரம் அலசியும் மிஞ்சிய நீரை அப்பெரியவர் கோடை முழுவதும் அவற்றுக்கு ஊற்றி வந்திருக்கிறார். எடுத்த படங்கள் ஒன்றிலும் அவர் இல்லை.

ஏனைய எண்பத்தொன்பதும் பட்டுப்போனமைக்குக் காரணம் நம் மாணவரின் சோம்பல் அன்று. நாள்காட்டியின் முரண்பாடே காரணம். கல்லூரி ஆண்டு ஆனியில் தொடங்கிச் சித்திரையில் முடிகிறது. கன்றுக்கு நீர் மிகுதியும் வேண்டப்படும் சித்திரையிலும் வைகாசியிலும் வளாகத்தில் மாணவர் இரார். நட்டவர் ஊர் சென்ற நாள்களிலேதான் நடப்பட்டது தாகத்தால் வாடுகிறது. இம்முரண்பாட்டை உணராமல் நடத்தப்படும் விழாக்கள் ஆண்டுதோறும் அதே குழிகளில் புதுக் கன்றுகளை நடுவதிலேயே முடிகின்றன.

பெரும்பொழுது ஆறும் தோட்டப்பணியும்

தொல்காப்பிய மரபின்படி ஆவணி தொடங்கி இரண்டிரண்டு திங்களாகப் பெரும்பொழுது ஆறும் வகுக்கப்படும். செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில் அவற்றுக்குரிய பணிகளைப் பின்வருமாறு காணலாம்.

கார் (ஆவணி, புரட்டாசி): மாலை நேரத்து இடிமழையால் மண் இளகும் காலம். இரண்டடி ஆழமும் அகலமும் உடைய குழிகளை வெட்டி, மேல்மண்ணையும் மக்கிய எருவையும் கலந்து இட்டு வைத்தல் இக்காலத்துக்குரியது. புரட்டாசி இறுதியில் நடுகை தொடங்கலாம்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): சென்னையும் சுற்றுப்புறமும் ஓராண்டில் பெறும் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. இப்போது நீரூற்றும் வேலை இல்லை. நீரை வடிக்கும் வேலையே உண்டு. வேரடியில் நீர் தேங்காதவாறு வாய்க்கால் கீறுதலும், காற்றில் சாயாதவாறு கன்றுக்கு ஊன்றுகோல் நட்டுக் கட்டுதலும் வேண்டும்.

முன்பனி (மார்கழி, தை): மழை நின்றும் மண்ணில் ஈரம் நிற்கும் காலம். கன்றோடு போட்டியிட்டு வளரும் களைகளை வேரோடு களைதற்கு ஏற்ற பருவம் இதுவே.

பின்பனி (மாசி, பங்குனி): இலையுதிரும் காலம். உதிர்ந்த சருகைக் கூட்டி எரிப்பதே நகரத்து வழக்கம். தோட்டம் அறிந்தவர் அதனையே கன்றின் அடியில் மூடாக்காகப் பரப்புவர்; எஞ்சியதைக் குழியிலிட்டு எருவாக்குவர். மூடாக்கிட்ட மண் ஈரத்தை நெடுநாள் காக்கும்.

இளவேனில் (சித்திரை, வைகாசி): பெயரளவில் இளமையுடையதாயினும் கத்திரி வெயில் வாட்டுவது இப்பருவத்தில்தான். அதிகாலையிலோ மாலையிலோ நீரூற்றுதல் ஒன்றே தலையாய கடமை.

முதுவேனில் (ஆனி, ஆடி): வெயிலும் வறண்ட காற்றும் நீடிப்பதால் நீர் வார்த்தல் தொடரவேண்டும். பிழைத்தவற்றை எண்ணிக் குறித்தலும், பட்டவற்றின் காரணத்தை ஆராய்தலும், வரும் காருக்கு விதையும் நாற்றும் ஆயத்தம் செய்தலும் இக்காலத்துக்குரியன.

ஆறு பருவப் பணிகளையும் ஒருங்கே நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். நடுதல் ஒரு பருவத்தின் சிறு பகுதியே; எஞ்சியவை எல்லாம் பேணுதல் ஆகும்.

கொன்றை எழுப்பும் வினா

தோட்டத்தொண்டு தமிழ் மாணவர்க்கு எவ்வகையில் பயன்படும் என்று வினவுவார்க்கு ஒரு சான்று காட்டலாம். குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், தலைவன் குறித்துச் சென்ற கார்ப்பருவம் வந்துவிட்டதென்று வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். காலமல்லாத காலத்துப் பெய்த மழையைக் காரென்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது, அஃது அறியாமையுடைய மரம் என்பது அவள் கூற்றின் சாரம். பருவமன்று என்று வற்புறுத்தித் தலைவியை ஆற்றுவிக்கும் சொல் இது என்றே வகுப்பறையில் விளக்குகிறோம்.

நம் பகுதியிலோ சரக்கொன்றை சித்திரை, வைகாசித் திங்கள்களில், ஆவணிக்குப் பல வாரங்கள் முன்னரே பொன்னிறக் கொத்துகளைத் தொங்கவிடுகிறது. தோட்டத்தில் நின்று இதனைக் கண்ட மாணவர் பாட்டைப் புதிதாகப் படிப்பர். தோழியின் சொல்லில் மரத்தின் இயல்பை அறிந்த உண்மையும் கலந்துள்ளதா? ஆனித் திங்களிலேயே தென்மேற்குப் பருவமழை பெறும் மலைச்சாரலைப் புலவர் கருதினாரா? மழைக்குப் பின்னர்க் கொன்றை மறுமுறை பூப்பதுண்டா? இவ்வினாக்களுக்கு உரைநூல் மட்டும் விடை தாராது. ஒரே மரத்தை ஆறு பருவமும் நோக்கி நாட்குறிப்பு எழுதும் மாணவர் விடைக்கு அண்மையில் செல்வர். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைக் கபிலர் அடுக்கியதும், அரபு நாட்டைப் பாடப் புகுந்த உமறுப்புலவர் சீறாப்புராண நாட்டுப்படலத்தில் தமிழகத்து மழையையும் வயலையும் ஓவியமாக்கியதும், தத்தம் மண்ணைக் கண்ணாரக் கண்டதன் பயன் எனலாம்.

நம் அண்மையில் இரு சான்றுகள்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது சேலையூர்க் காட்டுப்பகுதியில் ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்பில் அமைந்தது. அவ்வளாகத்தின் செடிகொடிகளை ஆராய்ந்து, மரங்களை நட்டு வளர்ப்பதில் முன்னின்றவர் எட்வர்டு பார்ன்ஸ் என்பார். அவர் கற்பித்த பாடம் தாவரவியல் அன்று, வேதியியல் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. மரம் பேணுதல் எத்துறை ஆசிரியர்க்கும் உரிய பணி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மற்றொன்று கோட்டூர்புரம் மரப்பூங்கா. அடையாற்றங்கரையில், பொதுப்பணித்துறைக்குரிய நிலத்தில், குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த பகுதியை, 2005இல் தோன்றிய ‘நிழல்’ என்னும் அமைப்பினர் 2006 முதல் தன்னார்வலர் துணையோடு நம் மண்ணுக்குரிய மரங்கள் நிறைந்த சோலையாக்கினர். அங்கு உழைப்போருக்கு அந்நிலத்தில் ஓரடியும் உடைமை இல்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்துள் புகுந்தது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயல் நகரெங்கும் மரங்களைச் சாய்த்தது. இத்தகைய இடர்களுக்குப் பின்னரும் மீண்டும் மண்வெட்டி எடுப்பதிலேதான் தொண்டின் தரம் விளங்குகிறது.

செய்யத்தக்கன

1969இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்றுதல் வேண்டும். இதனை ஆறு பருவத்துக்கும் பகுத்தால் பருவத்துக்கு 20 மணி நேரமே ஆகும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. ஒரே நாளில் நூறு கன்று நடுவதினும், பத்துக் கன்றுகளை இவ்வாறு ஆண்டு முழுவதும் பேணுதல் மேலானது.

கோடை விடுமுறையை ஈடுசெய்ய மூவர் கைகோக்க வேண்டும். கல்லூரிக்கு அருகில் வாழும் மாணவர் முறைவைத்து நீரூற்றலாம். ஓய்வுபெற்ற பெரியோர் காலை நடைக்கு வருங்கால் ஒரு குடம் நீர் வார்க்கலாம். ஜமாஅத்தார் பள்ளிவாசலில் ஒளூச் செய்து வடியும் நீரைச் சாக்கடைக்கு விடாமல் செடிகளுக்குத் திருப்பலாம். நட்ட மரத்திலிருந்து மனிதரோ விலங்கோ பறவையோ உண்பது நட்டவர்க்குத் தருமமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். கன்று மரமாகிக் காய்த்தாலன்றி அத்தருமம் நிறைவுறாது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிறைக் கணக்கின்படி அமைந்த ஹிஜ்ரி ஆண்டு கதிரவ ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்தது. ஆதலின் ரமலான் நோன்பு ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. நோன்பு வேனிலில் வரும் ஆண்டுகளில் சஹர் உணவுக்குப் பின், வெயில் ஏறுமுன் தோட்டப்பணியை முடித்துக்கொள்ளுதல் நலம். நோன்பாளியாக இருந்து தாகத்தை அறிந்தவர் செடியின் தாகத்தையும் எளிதில் அறிவர்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! நுமக்குரிய நிலம் இல்லையென்று வருந்த வேண்டா. தெருமுனைப் பூங்கா, பள்ளிவாசல் முற்றம், கல்லூரி மதிலோரம் ஆகிய யாவும் கைகளை எதிர்நோக்கி நிற்பனவே. ஒரு கொன்றையையோ புங்கையையோ தேர்ந்து, இந்த ஆவணி முதல் அடுத்த ஆவணி வரை அதன் பொறுப்பை ஏற்றுக்கொள்வீராக. ஓராண்டு கழிந்த பின்னர்ப் பெரும்பொழுது ஆறினையும் மனப்பாடம் செய்யும் தேவை நுமக்கு இராது. அன்று நான் நட்டுக் கைவிட்டவற்றை எண்ணி இன்றும் நாணுகிறேன். காவலர் காத்த பதினொன்றும் இன்று மரங்களாகி நிழல் தருகின்றன. அப்பெரியவரையே இத்துறையில் என் ஆசிரியராகக் கொள்கிறேன்.