கோழிக்குக் கொஞ்சம் வெள்ளம்

திருவனந்தபுரத்துக் கரமனை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அக்கிரகாரமும் நீலகண்ட சிவனும்தான் நினைவுக்கு வரும். ஆற்றை ஒட்டிய சந்துகளில் கோழி மேய்வதும் கரமனைதான். இடவப்பாதி மழை விட்டிருந்த ஒரு காலையில், பக்கத்து வீட்டுச் சேச்சியின் சிவப்புப் பெட்டையைத் தெருநாய் கவ்விவிட்டது. கல்லை எடுத்ததும் நாய் போட்டுவிட்டு ஓடியது. கோழி எழவில்லை. ஐந்து நிமிடத்தில் ஐந்து வைத்தியர்கள் கூடிவிட்டார்கள்.

“முதல்ல கொஞ்சம் வெள்ளம் குடுங்க சேச்சி.”

எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே அதற்கு வேறு பொருள். துவண்டு கிடக்கும் கோழியின் வாயில் ஊற்றினால் அந்தக் கிழக்கத்திப் பொருள்தான் பலிக்கும். அலகைத் திறந்து பாருங்கள், நாக்குக்குப் பின்னால் சின்னப் பிளவு ஒன்று திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். நமக்கு இருப்பது போல அதற்கு மேல்மூடி கிடையாது. தெம்பாக இருக்கும் கோழி, விழுங்கும்போது பிளவை இறுக்கிக்கொள்ளும். அதிர்ச்சியில் இருப்பதற்கு அந்தச் சுதாரிப்பு இருக்காது. ஊற்றியது நேரே நுரையீரலுக்குப் போய்விடும். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து அலகின் ஓரத்தில் வைக்க வேண்டும். விழுங்கினால் அடுத்த துளி. விழுங்கவில்லையா, விட்டுவிடுங்கள்.

“உடம்பு கொதிக்குதே, காய்ச்சல்!” என்று ஈரத்துணியோடு வந்தார் இன்னொருவர். கோழியின் இயல்பான சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். உடல் சூடு 37 டிகிரியே உள்ள நமக்கு நல்ல கோழியும் கொதிக்கத்தான் செய்யும். அடிபட்டதற்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது: உலர்ந்த அட்டைப்பெட்டி, பழைய துண்டு, இருட்டு, கதகதப்பு. மழைநாளில் பெட்டியின் ஒரு மூலைப் பக்கம் மட்டும் குண்டு பல்பு. சூடு தாங்காவிட்டால் கோழி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். அரைமணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் சிகிச்சைதான். எங்கள் சந்தில் அதுதான் நடக்காத காரியம்.

அடுத்தது கட்டு. ஒடிந்த இறக்கையை உடம்போடு சேர்த்து எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறோம். கோழிக்கு உதரவிதானம் இல்லை. மூச்சு இழுக்க நெஞ்செலும்பு முன்னும் கீழுமாக அசைய வேண்டும். அந்த அசைவை நிறுத்தினால் மூச்சும் நின்றுபோகும். இறுக்கமான கட்டும், ‘துள்ளாமல்’ இருக்க நெஞ்சை அமுக்கிப் பிடிக்கும் கையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. போதாதற்கு, இறக்கையின் மேல்கை எலும்பு உள்ளே வெற்றிடம். உடலின் காற்றுப்பைகளோடு இணைந்தது. அந்த எலும்பு ஒடிந்து வெளியே தெரிந்தால், மேலே மருந்துநீரை ஊற்றுவதும் மூக்கில் ஊற்றுவதும் ஒன்றுதான். இறக்கையை மடிந்த நிலையிலேயே அணைத்து, நெஞ்செலும்பு தாராளமாக அசையும்படி கட்டிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதே சரி. பறவை எலும்பு மூன்று வாரத்தில் கூடிவிடுவது சாதாரணம். ஆனால் கட்டை அவிழ்க்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும்.

மஞ்சள் பற்றி எனக்கு இருமனம். அதில் குணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாய்ப்பல் போடுவது சிறிய, ஆழமான துளை. அதன்மேல் பொடியை அப்பினால் உள்ளிருக்கும் கிருமிக்குக் கதவடைத்துக் கொடுத்தது போல. பறவையின் சீழ் நம்முடையது போல வழிந்து வெளியேறாது. பாலாடைக்கட்டி மாதிரி கட்டியாகி உள்ளேயே தங்கும். சுற்றிலும் இறகை வெட்டிவிட்டு, ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்டு ஆறவைத்த நீரால் கழுவி, தேநீர் நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடின் தடவினால் போதும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். புண்ணை ஈ மொய்க்காமல் மூடிவையுங்கள், ஈயிட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும்.

கடித்த நாய்க்கு வெறி இருந்தால் கோழிக்கும் பிடிக்குமா? ரேபிஸ் பாலூட்டிகளின் நோய். கோழியைப் பற்றிக் கவலை வேண்டாம். இறகில் ஒட்டிய நாயின் எச்சில், தூக்கியவரின் கைக்கீறலில் பட்டதா என்பதுதான் கேள்வி. பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நொண்டுகிற கோழியெல்லாம் அடிபட்டதும் அல்ல. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் மாரெக்ஸ் நோயாக இருக்கலாம். கழுத்து முறுக்கிக்கொண்டால் ராணிக்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே எண்ணெய் நீவிப் பயனில்லை. குமாவோன் மலையூரின் பெயரைச் சுமக்கும் அந்த நோய்க்குத் தடுப்பூசி நம் மாவட்டத்துப் பாலோட்டிலேயே தயாராகிறது.

“கோழிக்கு என்ன வலி தெரியப் போகுது?” என்றவருக்கு ஒரு பதில் இருக்கிறது. 2000-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள், வலிமருந்து கலந்த தீவனத்தையும் கலக்காததையும் பிராய்லர் கோழிகள் முன் வைத்தார்கள். நொண்டும் கோழிகள் மருந்து கலந்ததையே கூடுதலாகத் தேடித் தின்றன. அதற்காக நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. அளவு வேறு. மருந்து முட்டையிலும் இறங்கும்.

சிவப்பியை ஆறாம் நாளே கூட்டத்தோடு விட்டது எங்கள் தப்பு. காயத்தின் சிவப்பு மற்றவற்றைக் கொத்த இழுக்கும். கொத்துகிற வரிசையில் அதன் இடமும் அதற்குள் பறிபோயிருந்தது. பிறகு முற்றத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விட்டோம். மற்றவை சுற்றி மேயும், இது பார்த்துக்கொண்டிருக்கும். பத்து நாளில் சமாதானம் ஆனது.

“இனி முட்டை போடாது, கறிக்குத்தான்” என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னவர் எதிர்வீட்டு மாமா. உடம்பு தேறும்வரை முட்டை நிற்பது இயல்பு, மலடாகிவிட்டதென்று பொருளில்லை. ஏழாவது வாரம், மாமா வீட்டு விறகுப்புரையில் சிவப்பி முட்டையிட்டது. கண்டெடுத்தவரும் அவரே. சேச்சிக்குத் திருப்பித் தரவில்லை.