விடிகாலையில் மட்டும் மிஸ்ஸிங்

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானதுதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிகாலையில் எடுத்தால் இன்ஜின் மிஸ் அடிக்கும், கேபின் குலுங்கும், சைலன்சர் வெள்ளைப் புகை தள்ளும். சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் எடுக்கும். அதற்கு மறுநாள் பழைய கதை. திருச்சி தென்னூரில் எங்கள் வண்டி ஒரு மார்கழி முழுக்க இப்படிப் படுத்தியது. ஜீயபுரம் பக்கம் வாழைத்தார் ஏற்றி காந்தி மார்க்கெட்டில் இறக்கும் வண்டி அது. அரை மணி தாமதித்தால் நல்ல விலை போய்விடும். அந்த மாதத்தில் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

வண்டியை முந்தின இரவே விடுங்கள்

பட்டறை திறப்பது காலை ஒன்பது, பத்து மணிக்கு. அதற்குள் நாம் மார்க்கெட் போய் வந்திருப்போம், இன்ஜின் சூடு. மெக்கானிக் எத்தனை தடவை செல்ஃப் அடித்தாலும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். அப்புறம் அவர் அனுமானத்தில் ஒரு பாகத்தை மாற்றுவார், நாம் காசு கொடுப்போம். எங்கள் மெக்கானிக் பாய் அந்த வேலைக்கே போகவில்லை. “சூட்டோட கொண்டு வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. நைட்டே விட்டுட்டுப் போங்க. காலைல நான் தொடற வரைக்கும் யாரும் சாவி போடக் கூடாது” என்றார். கோளாறு பிடிபட்டது அந்த ஒரு பேச்சால்தான்.

திருச்சியில் ஏது குளிர்?

மார்கழியிலும் நம் ஊர் விடிகாலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் டீசல் இன்ஜினுக்கு அதுவே போதும். பெட்ரோல் வண்டிபோல இதில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். ஆறிப்போன இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும், கம்ப்ரஷன் குறைந்தாலும், டீசல் சரியான அளவில் வராவிட்டாலும் பற்றாது. பற்றாத டீசல்தான் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையாக வெளியே வருகிறது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். இன்ஜின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

மிஸ்ஸிங்கின் தாளத்தைக் கேளுங்கள்

மிஸ்ஸிங்கில் இரண்டு ரகம் உண்டு. தாளம் தப்பாமல் ஒரே இடைவெளியில் விட்டுவிட்டு அடித்தால், குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை: ஹீட்டர் பிளக், நாசில், டேப்பெட், கம்ப்ரஷன் இவற்றில் ஒன்று. தாளமே இல்லாமல் ஏறி இறங்கி, அணைவதுபோல் போய்ப் பிழைத்துக்கொண்டால், டீசல் லைனில் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். குட்டியானை மாதிரி இரண்டு சிலிண்டர் வண்டியில் ஒன்று அடிக்காவிட்டால் குழந்தைக்கும் தெரியும். நாலு சிலிண்டர் வண்டியில் பானெட்டைத் திறந்து காது கொடுக்க வேண்டும். எங்கள் வண்டி இரண்டாவது ரகம்.

லோடு நோட்டிலேயே குறித்து வையுங்கள்

தார்க் கணக்கு எழுதும் நோட்டின் ஓரத்தில், காலையில் ஸ்டார்ட் எப்படி எடுத்தது, எங்கே நின்றது, டேங்கில் எவ்வளவு டீசல் என்று எழுதத் தொடங்கினேன். மழை, பனி என்று நான் நினைத்திருந்த காரணம் எதுவும் நோட்டில் ஒத்துவரவில்லை. தெருவில் இடம் கிடைக்காமல் உய்யக்கொண்டான் கரையோரச் சரிவில், முகம் மேலே பார்க்க நிறுத்திய நாள்களில்தான் வண்டி மிஸ் அடித்தது. அதிலும் டேங்க் காலியாக இருந்தபோது மோசம். வாசலில் சமதளத்தில் நின்ற நாள்களில் தொல்லையே இல்லை. இன்ஜின் மேலே, டேங்க் கீழே என்று நின்றால், லைனில் நூலளவு ஓட்டை இருந்தாலும் காற்று நுழைந்து, டீசல் ராத்திரியோடு டேங்குக்கே இறங்கிவிடும். ஹீட்டர் பிளக் போயிருந்தால் வண்டி சரிவில் நின்றாலும் சமதளத்தில் நின்றாலும் தொல்லை ஒன்றுதான்.

காசில்லாத சோதனை

நோட்டைப் பார்த்ததும் பாய் வண்டியைச் சரிவிலேயே நிறுத்தச் சொன்னார். காலையில் சாவி போடுவதற்கு முன் கைப்பம்பை அழுத்தினார். முதலில் ‘லொடலொட’ என்று லேசாகப் போனது, பிறகு இறுகியது. செல்ஃப் அடித்தார், மிஸ்ஸிங் இல்லாமல் ஸ்டார்ட் எடுத்தது. காற்றுதான் என்பது அதிலேயே உறுதி. அடுத்து, ஃபில்டருக்கு வரும் லைனில் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணாடி ஹோஸ் போட்டார். குமிழ்கள் வரிசையாக ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது. டேங்க் பக்க ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் மயிரிழையாக வெடித்திருந்தது. கீழே ஒரு சொட்டு டீசல் இல்லை. இந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். வெளியே ஒழுகுவதைவிடக் காற்றை உள்ளே இழுப்பதே அதிகம். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற மாதிரிதான். புது ஹோஸ், புது கிளிப், ஃபில்டர் போல்ட்டுக்குச் செம்பு வாஷர், அத்தோடு வேலை முடிந்தது. வேறொரு கடையில் பம்பையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்றிருந்தார்கள்.

மற்றவர்களுக்கான வரிசை

முதலில் பேட்டரி. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பிறகு, டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். அடுத்தது ஹீட்டர் பிளக். இணைப்புப் பட்டையைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லாம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொடுங்கள். லாம்ப் எரியாத பிளக் செத்தது. எல்லாம் எரிந்தால் ரிலேயையும் பட்டையின் நட்டுகளையும் பாருங்கள். அதன் பிறகு டேப்பெட், நாசில், கடைசியாகக் கம்ப்ரஷன்.

ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழைய வண்டியிலும் ஸ்பிரேக்கு எதிரே விரலை நீட்டக் கூடாது.

பத்து வயது தாண்டிய வண்டி என்றால், கோளாறு வரும்வரை காத்திருக்காமல் அடுத்த சர்வீசிலேயே டீசல் ஹோஸ், கிளிப், வாஷர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. பம்பையும் நாசிலையும் கழற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.