பெங்களூர்க் காசநோய் நிலையமும் அரசாங்கத்தின் ஆராய்ச்சிச் செலவும்

மருத்துவ ஆராய்ச்சிக்கென அரசாங்கம் அளிக்கும் பணம் எந்தக் கேள்விக்கு விடை காணச் செலவாகின்றது என்பதைக் கிராமங்களில் பணியாற்றுவோர் அறிந்திருத்தல் நலம். விடை கிடைத்தபின் அதனை வீடுதோறும் கொண்டுசெல்லும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களையே சார்கின்றது. பெங்களூரில் பெல்லாரி சாலையில் உள்ள தேசியக் காசநோய் நிலையத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக்கு முறையாக நிதி வழங்குவதற்கென்று 1911-ஆம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் அமைக்கப்பட்டது. சுதந்திரத்திற்குப் பின், 1949-ல், அச்சங்கமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்னும் பெயரைப் பெற்றது. கவுன்சில் மேற்கொண்ட பெரும் பணிகளுள் ஒன்று 1955 முதல் 1958 வரை நடைபெற்ற காசநோய் மாதிரிக் கணக்கெடுப்பு. க்ஷயம் பட்டணத்து நோய், ஆலைத் தொழிலாளரின் நோய் என்ற எண்ணம் அதுகாறும் பரவலாக இருந்தது. எக்ஸ்ரே வண்டிகள் நாட்டுப்புறம் சென்றபோது அவ்வெண்ணம் தகர்ந்தது. நகரமாயினும் கிராமமாயினும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை வீதம் நுரையீரலில் நோயின் அடையாளம் தென்பட்டது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ நால்வருடைய கோழையில் கிருமி காணப்பட்டது. மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கிராமவாசிகளாதலின், நோயாளிகளிலும் பெரும்பாலோர் அவர்களே. நோயாளிகளின் தொகையோ பல இலட்சம். சானடோரியங்களில் இருந்த படுக்கைகளோ அதில் ஒரு சிறு பின்னமே.

இந்நிலையில் சென்னையில் 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரும் அதன் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர். நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினர் தத்தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். யார் எப்பகுதி என்பது சீட்டுக் குலுக்குவதற்கு ஒப்பான முறையில் முடிவு செய்யப்பட்டது. சானடோரியத்தில் இருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் கிடைத்தன. அவர்கள் உடல் எடையும் கூடுதலாக ஏறிற்று. எனினும் 1959-ல் வெளியான முடிவின்படி, நோய் தணிவதில் இருசாராருக்கும் பெரிய வேற்றுமை இல்லை. வீட்டில் உடன் வாழ்ந்தோர்க்கும் அதனால் தொற்று மிகவில்லை. இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது என்று கூறுவது மிகையாகாது.

மருந்தை வீட்டிலேயே கொடுக்கலாம் எனில், நோயாளியைக் கண்டுபிடிப்பது யார்? மருந்தைத் தவறாது சேர்ப்பது யார்? இக்கேள்விகளுக்கு ஆய்வுக்கூடத்தில் மட்டும் விடை காண இயலாது. இதற்கெனவே மத்திய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், யூனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் 1959-ல் பெங்களூர் நிலையத்தை அமைத்தது. 1960 செப்டம்பர் 16-ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு அதனை முறைப்படி திறந்துவைத்தார். மருத்துவர்களுடன் புள்ளியியலாரும் சமூகவியலாரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தது அந்நிலையத்தின் சிறப்பு. அக்காலத்தில் இது புதுமையான ஏற்பாடு.

அங்குப் பணியாற்றிய டி. பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் என்ற இருவரும் தும்கூர் ஜில்லாக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தி, 1963-ல் வெளியிட்டனர். கிராமத்தார் இருமலைப் பொருட்படுத்தார், ஆகவே நோயாளியைத் தேடி எக்ஸ்ரே வண்டியுடன் ஊர் ஊராகச் செல்வதே வழி என்பது அன்றைய பொதுக் கருத்து. ஆய்வு கண்டதோ வேறு. கிருமியுள்ள நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் கோளாறு இருப்பதை உணர்ந்திருந்தனர். சரிபாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஏற்கனவே வைத்திய உதவியை நாடிச் சென்றுமிருந்தனர். சென்றவர்கள் பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்துடன் திரும்பினர். குறை கிராமத்தாரின் அறியாமையில் இல்லை. வைத்தியசாலையின் வாயிலிலேயே இருந்தது.

ஆசிரியர்கள் இதனை எளிய கணக்காக மாணவர்க்குக் காட்டலாம். ஐயாயிரம் பேர் வாழும் பகுதியொன்றில், ஆயிரத்துக்கு நால்வர் வீதம், கிருமியை வெளிப்படுத்துவோர் இருபது பேர். அவர்களுள் பத்துப் பேருக்கு மேல் தாமாகவே சுகாதார நிலையத்திற்கு வருகின்றனர் எனில், அங்கு ஓர் உருப்பெருக்கியும் அதனைக் கையாளத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். சோதனையும் கடினமன்று. கோழையைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி உலர்த்தி, சிவப்புச் சாயமிட்டுச் சூடாக்கி, அமிலத்தால் கழுவியபின் நீலச் சாயம் இடவேண்டும். காசநோய்க் கிருமியின் மெழுகுபோன்ற உறை சிவப்புச் சாயத்தை விடாது பற்றிக்கொள்வதால், நீலப் பரப்பில் அது சிவந்த சிறு கோல்போலத் தோன்றும்.

இவ்வடிப்படையில் 1962-ல் தேசியக் காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்டது. ஜில்லாவுக்கு ஒரு மையம், பொதுச் சுகாதார நிலையங்களில் கோழைச் சோதனை, இலவச மருந்து என்பன அதன் உறுப்புகள். ஜில்லா மையங்களுக்கான அதிகாரிகளும் ஊழியரும் பெங்களூரில் பயிற்சி பெற்றுச் சென்றனர்.

நிலையம் செய்த மற்றொரு பணி மனத்தை வாட்டுவது. பெங்களூர் ஜில்லாவில் 119 கிராமங்களை 1961 முதல் 1968 வரை அதன் ஊழியர்கள் மீண்டும் மீண்டும் சென்று கண்டனர். முறையான சிகிச்சை பெறாத கிருமியுள்ள நோயாளிகளில், ஐந்தாண்டு முடிவில், நூற்றுக்கு 49 பேர் இறந்திருந்தனர். 18 பேர் இன்னும் கிருமியை வெளிப்படுத்திக் கொண்டிருந்தனர். எஞ்சிய 33 பேர் தாமாகவே கிருமி நீங்கப்பெற்றனர். மருந்து கிராமத்தை எட்டாவிடில் நேர்வது இன்னதென்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

விடை இவ்வளவு தெளிவாக இருந்தும், அதனை நிறைவேற்றுவதற்கான பணம் போதிய அளவில் தொடரவில்லை. 1992-ல் திட்டம் மறுபரிசீலனை செய்யப்பட்டபோது, நோயாளிகளில் பாதிக்கும் குறைவானோர்க்கே நோய் சரியாக அறியப்பட்டது என்றும், அவர்களிலும் பாதிக்கும் குறைவானோரே முறையாகக் குணமடைந்தனர் என்றும் தெரியவந்தது. நிதிக் குறைவு, மருந்துத் தட்டுப்பாடு, கோழைச் சோதனையை விடுத்து எக்ஸ்ரேயை மட்டும் நம்பியமை ஆகியன காரணங்களாகக் காணப்பட்டன. ஆராய்ச்சிக்குச் செலவிட்டது வீணன்று. ஆராய்ச்சியின் பயனுக்குச் செலவிடாததே பிழை. திருத்திய திட்டம் 1993-ல் சில இடங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1997-ல் விரிவுபடுத்தப்பெற்று, 2006-ல்தான் நாடு முழுவதையும் எட்டியது.

ஆராய்ச்சி எப்பொழுதும் விரும்பிய விடையையே தரும் என எதிர்பார்த்தலும் தவறு. 1968-ல் செங்கற்பட்டு ஜில்லாவில் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களிடையே பி.சி.ஜி. ஊசி சோதிக்கப்பட்டது. வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. பெருஞ்செலவில் பெற்ற இந்த ‘இல்லை’யும் பயனுடையதே. குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய் முதலிய கொடிய வகைகளைத் தடுப்பதற்காக அவ்வூசி இன்றும் பிறந்தவுடன் போடப்படுகின்றது.

தீர்ந்ததாகக் கருதிய கேள்வி மறுபடி எழுவதும் உண்டு. சென்னைச் சோதனைக்குப் பின், மருந்து ஒழுங்காக இருப்பின் உணவு அத்துணை முக்கியமன்று என்ற கருத்து ஊன்றிற்று. ஆனால் அச்சோதனை ஆராய்ந்தது நோயாளி குணமாவதையே. பட்டினியால் மெலிந்த குடும்பத்தாருக்கு நோய் வருவதை உணவு தடுக்குமா என்பதையன்று. 2019 முதல் 2022 வரை, கவுன்சிலின் ஆதரவுடன், ஜார்க்கண்டின் நான்கு ஜில்லாக்களில் நோயாளிகளின் குடும்பத்தார் பதினாயிரத்திற்கு மேற்பட்டோரிடையே இது சோதிக்கப்பட்டது. மாதந்தோறும் உணவுப் பொருள் பெற்ற குடும்பங்களில் புதிதாக நோயுறுவோர் 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தனர். முடிவுகள் 2023-ல் வெளியாயின. நோயாளிக்கு ஊட்டத்திற்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

தும்கூர் ஆய்வின் முடிவும் இன்று மறுபடி ஆராயப்படுகின்றது. 2019 முதல் 2021 வரை கவுன்சில் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் இலட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் உறுதியாயிற்று. நோயின் அறிகுறி இருந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் எவ்வித வைத்திய உதவியையும் நாடவில்லை. கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர், அறிகுறியை மட்டும் விசாரித்திருந்தால் தப்பிப் போயிருப்பர். எக்ஸ்ரேயே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 1960-களில் வீண் செலவென ஒதுக்கப்பட்ட எக்ஸ்ரே, கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவியாக இப்பொழுது மீண்டும் கிராமங்களுக்குச் சென்று கொண்டிருக்கின்றது. இருமலே இல்லாத ஒருவரை அதன்முன் வந்து நிற்கச் செய்வது எவ்வாறு என்பதே களப்பணியாளர்முன் இன்றுள்ள புதிய கேள்வி.